ஒரு கேன் சிறுநீர்

என் கை நல்ல கை. பெருமைக்காகச் சொல்லவில்லை. இலங்கையில் ருவான்வெல்லைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பால் வெட்டுகிறேன். மரத்தில் காயம் வைக்காமல் வெட்டுகிறவர்கள் யாரென்று கேட்டால் எங்கள் கங்காணி முதலில் என்னைத்தான் காட்டுவார். மற்றபடி அவருக்கும் எனக்கும் ஆகாது. எனக்கு வாய் நீளம் என்பார். வாய் நீளம்தான், அதற்கென்ன. வெட்டில் ஒரு குறை சொல்லட்டும், பார்க்கலாம்.

பால் வெட்டு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ரப்பர் மரத்தின் பட்டையைக் கத்தியால் மெல்லிய சீவலாகச் சீவிக்கொண்டே சரிவாக இறங்க வேண்டும். பால் இருப்பது பட்டையின் அடிப்பக்கத்தில். அதற்காக ஆழமாகப் போட்டால் கத்தி உள்ளே இருக்கும் மரத்தைத் தொட்டுவிடும். தொட்ட இடம் முடிச்சு முடிச்சாகப் புடைத்து, பிறகு அந்தப் பக்கம் கத்தியே வைக்க முடியாது. மேலாகப் போட்டாலோ பால் வராது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நகத்தின் கனம்தான் இடம். அதை நாங்கள் அளந்து பார்ப்பதில்லை, மணிக்கட்டு சொல்லும்.

போன வருஷம் வயிற்று வலி என்று ஸ்கேன் எடுக்கப் போனேன். வயிற்றில் ஒன்றும் இல்லை. வலது சிறுநீரகத்தில் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி இருந்தது. வலிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையாம், அது பாட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்ததாம். புற்றுநோயாக இருக்கும் போலத் தெரிகிறது, எடுத்தாக வேண்டும் என்று பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே இன்னொரு ஸ்கேன் எடுத்தபோது அடுத்த செய்தி வந்தது. என் இடது சிறுநீரகம் பிறவியிலேயே சின்னது. நாலு பங்கு வேலையில் மூன்று பங்கை வலதுதான் பார்த்துக்கொண்டிருந்தது. நாற்பத்தாறு வயது வரை இது எனக்குத் தெரியாது.

ஆகவே கட்டியோடு சேர்த்து வலது சிறுநீரகத்தை முழுசாக எடுத்துவிட்டால் மிச்சமிருக்கிற சின்னதால் தாக்குப்பிடிக்க முடியாது. கட்டியை மட்டும் செதுக்கி எடுத்து, சிறுநீரகத்தை வேலை செய்கிற நிலையில் விட வேண்டும். இல்லையென்றால் மெஷின்தான்.

மெஷின் என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. என் வீட்டுக்காரரின் அக்கா எங்கள் லயத்திலேயே, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளிலேயே இருக்கிறார். எங்கள் அறைக்கு அடுத்த காம்பராதான். இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்துக்கு மூன்று நாள் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போய் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருகிறார். நான் மதினி என்று கூப்பிடுவேன். ஒரு நாளைக்குக் குடிக்க வேண்டிய தண்ணீரைக் காலையிலேயே ஒரு சின்னப் போத்தலில் ஊற்றி வைத்துக்கொண்டு, அது தீர்ந்தால் அவ்வளவுதான் என்று உட்கார்ந்திருப்பார். குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழி இல்லை. அவருக்குச் சிறுநீர் வருவது நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். "லயத்து கக்கூசுல பாதி வேலய நான் கொறச்சிட்டேன் புள்ள. தொரைக்கிட்ட சொல்லி எனக்கு ஏதாச்சும் பரிசு வாங்கிக் குடு."

மெஷின் நாள் முடிந்து அவர் திரும்பி வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவார். அந்தச் சாத்திய கதவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. பயந்தேன் என்று இப்போது எழுதுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இந்த நேரத்தில் கட்டாரில் டிரைவர் வேலை பார்க்கிற என் தம்பி ஒரு வீடியோ அனுப்பினான். இரண்டு இரும்புக் கைகள் ஒரு திராட்சைப் பழத்தின் தோலை உரித்து, உரித்ததைத் திரும்ப வைத்துத் தைத்தன. உடனே போன் வந்தது. "அக்கா, பாத்தியா? இதான் ரோபோ. கை நடுங்காது. களைக்காது. இந்தியாவுல செய்றாங்க. காசப் பத்தி நீ யோசிக்காத, நான் பாத்துக்கிறேன். நம்ம ஆஸ்பத்திரியில அதெல்லாம் இல்ல, இவங்க கம்பிய விட்டுக் குத்துவாங்க."

அவன் சொன்ன கம்பிதான் லப்பரஸ்கோப்பி. வயிற்றில் மூன்று நாலு ஓட்டை போட்டு, ஒன்றில் கமராவை விட்டு, மற்றவற்றில் நீளக் கம்பி போன்ற கருவிகளை விட்டுச் செய்கிற ஆப்பரேஷன். எங்கள் பெரியாஸ்பத்திரியில் இருந்தது அதுதான். என் வீட்டுக்காரர் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் காய வைக்கிறவர், சாதாரணமாக எதற்கும் அசைய மாட்டார். அந்தத் திராட்சை அவரை அசைத்துவிட்டது. வேலையிலிருந்து வந்து, கை கழுவி, போனை எடுத்து அதையே போட்டுப் பார்ப்பார். "திராச்சைக்கே இம்புட்டுப் பதமா செய்யுதுன்னா, ஒனக்கு எப்புடி செய்யும்னு பாரு" என்பார். எனக்கும் திராட்சைக்கும் என்ன சம்பந்தம் என்று எரிந்து விழுவேன்.

ஆனால் எனக்கும் உள்ளுக்குள் குழப்பம்தான். ஏனென்றால் இயந்திரம் என்றாலே வெறுக்கிறவள் அல்ல நான். அதற்கு முந்தின வருஷம் தோட்டத்துக்கு பேட்டரியில் ஓடுகிற பால்வெட்டுக் கத்தி இரண்டு கொண்டுவந்தார்கள். வெட்டிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று ஒன்றை என் கையில் கொடுத்தார்கள். இரண்டு கிழமை, அதாவது இரண்டு வாரம், வெட்டினேன். மணிக்கட்டு வலி பாதி குறைந்தது. ஒரே ஆழத்தில் ஓடும். புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் அதைப் பிடித்து வெட்டியபோது காயம் குறைந்தது உண்மை. என் மரங்களில் முன்னாலும் காயம் இல்லை, பின்னாலும் இல்லை. ஆனால் பழைய மரத்தில், பட்டை திரும்ப வளர்ந்து மேடு பள்ளமாக இருக்கிற இடத்தில், எங்கே பட்டை மெல்லிசு என்று கத்திக்குத் தெரியாது. அங்கே பிடித்திருக்கிற ஆளுக்குத்தான் தெரிய வேண்டும். இதை அப்படியே தோட்டத்து மேனேஜர் தொரையிடம் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அந்தச் சமயத்தில்தான் கேன் விஷயம் வந்தது. ஆப்பரேஷனுக்கு முன்னால் என் சிறுநீரகங்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று பார்க்க வேண்டும், ஒரு நாள் முழுக்க வருகிற சிறுநீரை ஒரு துளி விடாமல் பிடித்துக்கொண்டு வா என்று ஐந்து லீட்டர் கேன் ஒன்றைக் கொடுத்தார்கள். அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்து பிடித்தேன். எல்லாம் சரியாகத்தான் செய்தேன். மறுநாள் காலையில் கேனைப் பார்த்தபோது ஒரு கவலை வந்தது. வெயில் காலம். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். பிறகு வரிசையில் எத்தனை மணி நேரமோ. அதற்குள் இது கெட்டுப்போனால் ரிப்போட் தப்பாக வருமே.

பால் கெட்டுப்போகாமல் இருக்க நாங்கள் என்ன செய்வோம்? வாளியில் கொஞ்சம் அமோனியா விடுவோம். விட்டால் பால் கட்டியாகாமல் ஸ்டோர் வரைக்கும் அப்படியே போய்ச் சேரும். வீட்டில் ஒரு போத்தலில் இருந்தது. தாராளமாக இரண்டு மூடி ஊற்றி, கேனை நன்றாகக் குலுக்கி, மூடியை இறுக்கி எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் வரிசையில் நின்றவர்களின் கேன்களைப் பார்த்து, பாவம், இவர்களுக்கு இந்த யோசனை வரவில்லையே என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கிழமை கிளினிக்குக்குப் போனால் ரிப்போட் இல்லை. நர்ஸ் மிஸ்ஸி ஒரு கடுதாசியைக் கையில் வைத்துக்கொண்டு என் நம்பரைச் சத்தமாகக் கூப்பிட்டார். "அம்மா, மேகட மொனவாத தெம்மே?" இதற்குள் என்ன போட்டாய் என்று கேட்கிறார். கேனைத் திறந்த லேப்காரர் கண்ணெரிச்சல் தாங்காமல் வெளியே ஓடியதாகவும், இது சிறுநீரா வேறு ஏதாவதா என்று எழுதி அனுப்பியிருப்பதாகவும் எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னார். நானும் சிங்களத்தில் தெளிவாகவே பதில் சொன்னேன். அமோனியா, இரண்டு மூடி, கெடாமல் இருக்க.

வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். காது மடல் சுட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் எந்தக் கங்காணியிடமும் குனியாத தலை அங்கே குனிந்தது. அதைவிட, டொக்டர் அந்த ரிப்போட்டைப் பார்க்காமல் ஆப்பரேஷனுக்குத் திகதி கொடுக்க மாட்டார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என் கெட்டிக்காரத்தனத்தால் ஒரு கிழமை வீணாகிவிட்டது.

உள்ளே போனேன். ஆப்பரேஷன் செய்கிற டொக்டருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், ஒல்லியான சிங்களவர். கடுதாசியைப் படித்துவிட்டு அவரும் சிரித்தார், ஆனால் கேலியாக இல்லை. "ஏன் அமோனியா?" என்று கேட்டார். பால் வெட்டைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு அது தெரியாது, ரப்பர் மரத்தை ரோட்டிலிருந்து மட்டும் பார்த்தவர். எப்படி வெட்டுவாய் என்று கேட்டார். மேசையிலிருந்த துண்டுக் கடுதாசியில் பட்டை இது, மரம் இது, கத்தி போகிற இடம் இது என்று கோடு போட்டுக் காட்டினேன். அவர் அந்தப் பேனாவை வாங்கி அதன் பக்கத்திலேயே என் சிறுநீரகத்தை வரைந்து, கட்டியை வரைந்து, கட்டியைச் சுற்றி மெல்லிசாக ஒரு கோடு போட்டார்.

"நானும் இதத்தாம்மா செய்யணும். உள்ள போனா சிறுநீரகம் வீணாப் போகும். மேலோட போனா நோய் மிஞ்சும்."

அந்த இடத்தில் எனக்கு என் வாய் திரும்பக் கிடைத்தது. "ரோபோ நல்லதுன்னு என் தம்பி சொல்றான் டொக்டர். உண்மையச் சொல்லுங்க" என்றேன். நாங்கள் பேசியது முழுக்கச் சிங்களத்தில்தான்.

"ரோபோ தானா வெட்டாது. ஒரு டொக்டர் தள்ளி ஒக்காந்து அதோட கைய ஆட்டணும். அந்தக் கை நம்ம மணிக்கட்டு மாதிரி மடங்கும். என்னோட கம்பி மடங்காது. அதனால வெட்டுன எடத்தத் தைக்கிறது அதுல சுகம், சீக்கிரமும் முடியும்."

"சீக்கிரம் முடிஞ்சா என்ன லாபம்?"

"வெட்டுறதுக்கு முன்னால சிறுநீரகத்துக்குப் போற ரத்தக் குழாய கிளிப் போட்டு அடைப்போம். இல்லாட்டி ரத்தம் கொட்டும், எங்க வெட்டுறோம்னே தெரியாது. அடைச்சிருக்கிற நேரம் பூரா அதுக்கு ரத்தம் இல்ல. நேரம் கூடக் கூட அது கொஞ்சம் கொஞ்சமா சாகும். நான் இருபத்தஞ்சு நிமிஷத்துக்குள்ள வெட்டி, தச்சு, கிளிப்பத் தெறக்கப் பாப்பேன்."

"எப்பவும் அதுக்குள்ள முடிஞ்சிருதா?"

மிஸ்ஸி என்னை முறைத்தார். டொக்டர் முறைக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"இல்ல. சிலது தாண்டியிருக்கு. தாண்டுன ஒவ்வொன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார். பிறகு ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். கட்டி ஆழத்தில் இருந்ததாம், தைக்கத் தைக்கக் கசிந்ததாம், முப்பத்து நாலு நிமிஷம் ஆனதாம். அவளுடைய சிறுநீரகம் பழையபடி வேலை செய்யவில்லையாம். "உன்னோடது வெளிப்பக்கமா, கீழ துருத்திக்கிட்டு இருக்கு. உள்ள, ரத்தக் குழாய் பக்கத்துல இருந்திருந்தா நானே ரோபோ இருக்கிற எடத்துக்குப் போன்னு சொல்லியிருப்பேன். இதுக்கு அது தேவையில்ல. பழகுன கையா இருந்தா, ரெண்டுலயும் கடைசியில சிறுநீரகம் மிஞ்சுறதுல பெரிய வித்தியாசம் வராது."

அவர் சொன்ன வைத்திய விஷயத்தில் பாதிதான் எனக்குப் புரிந்திருக்கும். ஆனால் அந்த முப்பத்து நாலு நிமிஷம் எனக்கு நன்றாகப் புரிந்தது. கை கெட்டவர்களுக்குத் தாங்கள் காயம் வைத்த மரம் எதுவென்று தெரியாது. கேட்டால் மழை என்பார்கள், கத்தி சரியில்லை என்பார்கள். எனக்குத் தெரியும். நான் வைத்தது ஒன்றே ஒன்று, தண்ணீர் ஓடுகிற காணோரமாக மூன்றாவது வரிசையில் நாலாவது மரம். என் அம்மா இறந்த கிழமை வேலைக்குப் போனபோது வைத்தது. இன்றைக்கும் அந்த முடிச்சைத் தாண்டிப் போகும்போது அதைத் தொட்டுவிட்டுத்தான் போவேன். இந்த மனிதரும் அந்த ரகம். கதவைத் தாண்டி வெளியே வருவதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன்.

தம்பியிடம் சொன்னபோது சண்டைதான். "அக்கா, நீ என்னா பைத்தியமா? நல்லதக் காட்டுனா வேணாங்குற." திராட்சையை உரித்தவன் யார், அவன் எத்தனை பேரைக் காயப்படுத்தினான், அவர்களை அவனுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று விசாரித்துச் சொல், அப்புறம் வருகிறேன் என்றேன். போனை வைத்துவிட்டான். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவனே எடுத்து, "எந்தத் திகதி?" என்று மட்டும் கேட்டான். என் வீட்டுக்காரர் திராட்சை வீடியோவை அழித்துவிட்டு மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார்.

அந்த இடைவெளியில் இரண்டாவது கேனை ஒழுங்காகப் பிடித்துக் கொடுத்து, ரிப்போட்டும் வந்து, திகதி கிடைத்தது.

ஆப்பரேஷன் முடிந்து கண் விழித்தபோது வயிறு வலிக்கும் என்று நினைத்தேன், தோள்பட்டை வலித்தது. வயிற்றை உப்ப வைக்க விட்ட காற்று அப்படித்தான் செய்யுமாம். விலாவில் ஒரு குழாய். வாய் காய்ந்து ஒட்டியிருந்தது. டொக்டர் கட்டிலருகே வந்து குனிந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை, நன்றாக நடந்தது என்று சொல்லவில்லை.

"பத்தொன்பது" என்றார்.

எனக்கு அது போதுமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணோரம் நனைந்ததை மிஸ்ஸி பஞ்சால் துடைத்துவிட்டார். முறைத்த அதே மிஸ்ஸிதான். நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டியைச் சோதித்த ரிப்போட்டில் அது புற்றுதான் என்றும், வெட்டிய ஓரம் சுத்தமாக இருக்கிறது என்றும் இருந்தது.

ஆனால் பாக்கி ஒன்று இருந்தது. ஓரம் சுத்தமாக இருந்தாலும், பத்தொன்பது நிமிஷம் ரத்தமில்லாமல் கிடந்த சிறுநீரகம் எழுந்து வேலை செய்ய வேண்டுமே. ரப்பர் பட்டை என்றால் சில வருஷத்தில் திரும்ப வளரும். இது வளராது, மிஞ்சியது மிஞ்சியதுதான். ஆறு கிழமை கழித்து மறுபடி ஒரு கேன் சிறுநீர் கொண்டுவரச் சொன்னார்கள். அதில் தெரிந்துவிடும்.

பிடித்தேன். இந்த முறை கேனின் மேல் ஒரு கடுதாசியை ஒட்டி, சிங்களத்தில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: இதில் எதுவும் சேர்க்கவில்லை. அன்றைக்கு மதினிக்கும் மெஷின் நாள். இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். எனக்குப் பாரம் தூக்கக் கூடாது என்பதால் மதினி கேனை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஊசி ஏறி ஏறிப் புடைத்த கையை அதன்மேல் போட்டு அணைத்துக்கொண்டார். வளைவில் பஸ் சாயும்போதெல்லாம் உள்ளே தளும்புகிற சத்தம் கேட்டது. வழக்கமாக வழியெல்லாம் பேசிக்கொண்டே வருகிறவர் அன்றைக்கு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். உடம்பு முடியவில்லை போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த கிழமை ரிப்போட் வந்தது. டொக்டர் பழைய கடுதாசியையும் புதிய கடுதாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஆப்பரேஷனுக்கு முன்னால் இருந்ததைவிடக் கொஞ்சம்தான் குறைவு. "இது போதும். இத வச்சுக்கிட்டு நீ கெழவியாகலாம்" என்றார். மூன்று மாதம் கழித்துக் கத்தியைத் தொடலாம் என்றார். எந்தக் கத்தியை என்று கேட்டேன். புரியாமல் பார்த்தார். பேட்டரிக் கத்தியா கைக்கத்தியா என்றேன். "பழகுனது எதுவோ அது" என்று சொல்லிச் சிரித்தார்.

கடுதாசியை மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு மெஷின் வார்டுக்கு நடந்தேன், கிட்டத்தட்ட ஓடினேன். அன்றைக்கும் மதினிக்கு மெஷின் நாள், கட்டிலில் சாய்ந்திருந்தார். கையிலிருந்து சிவப்பாக இரண்டு குழாய் மெஷினுக்குப் போய் வந்துகொண்டிருந்தது. "மதினி, நல்லா வேல செய்யுதாம். மெஷினுக்கு வர வேண்டியதில்லையாம்" என்றேன். சொன்ன பிறகுதான் எந்த இடத்தில், யாரிடம் நின்று சொல்கிறேன் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மதினி குழாய் இல்லாத கையால் என் கையைப் பிடித்தார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் புள்ள" என்றார். "பஸ்ஸுல கேன மடியில வச்சிருந்தேன்ல. நல்ல கனம்."